சேலத்தில் திறந்த புதையல் குகை

"புதையல் தேடுற படம் ஒண்ணு சொல்லுங்க. சண்டையும் இருக்கணும், சிரிப்பும் இருக்கணும். முக்கியமா, பாட்டியையும் பத்து வயசுப் பையனையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கணும்."

இந்தப் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. லீவு விட்டால் இன்னும் அதிகமாக வரும். இண்டியானா ஜோன்ஸ், மம்மி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதற்கு நான் தேவையில்லை, உங்கள் போனே சொல்லிவிடும். தமிழில் வேண்டும் என்றால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால், சண்டை, சிரிப்பு, புதையல் மூன்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டிய முதல் பெரிய வெற்றி, நம்ம சேலத்தில், ஏற்காடு மலையடிவாரத்தில் இருந்த ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்திருக்கிறது. அதுவும் கலரில். தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் அதுதான்.

1956 ஜனவரியில் வெளியான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. தயாரிப்பு மாடர்ன் தியேட்டர்ஸ், இயக்கம் டி.ஆர்.சுந்தரம். எம்.ஜி.ஆர்., பானுமதி, பி.எஸ்.வீரப்பா, கே.ஏ.தங்கவேலு, கே.சாரங்கபாணி, எம்.என்.ராஜம், எம்.ஜி.சக்கரபாணி என்று பெரிய கூட்டமே நடித்திருக்கிறது.

'கதைதான் தெரியுமே' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. தெரிந்த கதைதான். ஏழை அலிபாபா காட்டில் ஒரு குகையைப் பார்க்கிறான். திருடர் தலைவன் ஒரு மந்திரச் சொல்லைச் சொன்னதும் பாறை திறக்கிறது. திருடர்கள் போனதும் இவன் அதே சொல்லைச் சொல்லி உள்ளே போகிறான். 'அண்டா கா கசம்' என்று ஆரம்பிக்கும் அந்த வரியை, படத்தைப் பார்க்காதவர்கள்கூடச் சொல்வார்கள். திறக்காத பீரோ, ஸ்டார்ட் ஆகாத பைக், ஓடிபி வராத போன் என்று எல்லாவற்றின் முன்னாலும் நின்று 'திறந்திடு சீசேம்' சொல்கிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. குரலால் திறக்கிற பாஸ்வேர்டை எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே தமிழ்நாட்டுக்கு அறிமுகம் செய்த படம் என்று உங்கள் வீட்டுப் பையனிடம் சொல்லிப் பாருங்கள், உடனே வந்து உட்கார்ந்துவிடுவான்.

ஆனால் இந்தப் படத்தை நான் சிபாரிசு செய்வது அந்த வரிக்காக இல்லை. இதில் யாரும் புதையலைத் தேடிப் போவதே இல்லை என்பதற்காக.

கவனித்துப் பாருங்கள். அலிபாபாவிடம் வரைபடம் கிடையாது, பழைய ஓலைச்சுவடி கிடையாது, தாத்தா விட்டுப்போன துப்பும் கிடையாது. புதையல் தானாக வந்து கண்ணில் படுகிறது. வேறு படமாக இருந்தால் அதோடு 'சுபம்' போட்டிருப்பார்கள். இதில் கதையே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. கிடைத்ததை என்ன செய்வது? யாரிடம் சொல்வது? சொன்னால் அவன் என்ன செய்வான்? படத்தின் சண்டையும் சிரிப்பும் இந்த மூன்று கேள்விகளிலிருந்துதான் வருகின்றன. தனி காமெடி டிராக் ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதாகத் தோன்றாததற்குக் காரணம் அதுதான்.

காசிம் குகைக்குள் மாட்டிக்கொள்ளும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் காசிம் பேராசைக்காரன். தம்பியிடமிருந்து ரகசியத்தைக் கறந்துகொண்டு தனியாகப் போகிறான். உள்ளே நுழைந்ததும் தலைகால் புரியவில்லை. எங்கே பார்த்தாலும் தங்கம். அள்ளுகிறான், குவிக்கிறான். திரும்பி வந்து கதவின் முன் நின்றால், சொல் மறந்துவிட்டது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிப் பார்க்கிறான். முதலில் நமக்குச் சிரிப்பு வருகிறது. இரண்டாவது முறை கொஞ்சம் குறைகிறது. வெளியே குதிரைச் சத்தம் கேட்கப் போகிறதே என்று நினைக்கும்போது சிரிப்பு அப்படியே நெஞ்சில் நின்றுவிடுகிறது. ஒரே நடிகர், ஒரே இடம், ஒரே வரி. காமெடி எப்போது முடிந்து பயம் எப்போது தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. பல கோடி செலவழித்து கிராபிக்ஸ் குகை கட்டுகிற படங்களில் நான் தேடிக்கொண்டிருப்பது இந்த ஒரு நிமிஷத்தைத்தான்.

அந்தக் காசிமாக நடித்தவர் எம்.ஜி.சக்கரபாணி, நிஜத்திலும் எம்.ஜி.ஆரின் சொந்த அண்ணன். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அண்ணன் தம்பி காட்சிகளுக்கு இன்னொரு ருசி வந்துவிடுகிறது.

திருடர் தலைவன் அபு ஹுசேனாக வரும் வீரப்பா நம்ம கொங்குக்காரர், காங்கேயத்தில் பிறந்தவர். அவருடைய சிரிப்பைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குகைக்குள் அந்தச் சிரிப்பு எதிரொலிக்கும்போது சின்னப் பிள்ளைகள் பயப்படலாம், இரண்டாவது தடவை அவர்களே அதைச் செய்து காட்டுவார்கள். அந்தக் காலத்து வில்லனுக்கு இதைவிட வேறென்ன விருது வேண்டும்?

எனக்குப் பிடித்தது பானுமதியின் மார்ஜியானா. எம்.ஜி.ஆர். படம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எண்ணெய் வியாபாரி வேஷத்தில் விருந்தாளியாக வந்திருப்பவன் யார் என்று கண்டுபிடிப்பது மார்ஜியானா. வீட்டு ஆண்கள் உபசாரத்தில் மூழ்கியிருக்கும்போது ஆபத்தை மோப்பம் பிடிப்பதும் அவள்தான். அரபுக் கதையிலேயே அப்படித்தான். ஆனால் பானுமதி கையில் அது கிடைத்ததும் அந்தப் பெண்ணுக்கு ஒரு திமிர் வந்துவிடுகிறது. காப்பாற்றப்பட வேண்டிய கதாநாயகியாக ஆரம்பித்து, எல்லோரையும் காப்பாற்றுகிறவளாக முடிகிறாள். இன்றைய சாகசப் படங்களில் கதாநாயகி பல நேரம் டார்ச் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு ஆச்சரியமும் இருக்கிறது. ஒரு நடனத்தில் வரும் பெண்ணை உற்றுப் பாருங்கள், அது வஹீதா ரஹ்மான். அதே 1956-ல் 'சி.ஐ.டி.' மூலம் இந்திக்குப் போய், பிறகு அங்கேயே பெரிய நட்சத்திரமானவர். பாட்டி இதைச் சொல்லித்தான் அம்மாவுக்கே தெரியும் என்கிற வீடுகள் நிறைய இருக்கும்.

இதே பெயரில், இதே கதையை 1941-லேயே என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் தமிழில் எடுத்திருக்கிறார்கள். கலைவாணர் எடுத்தால் அது எப்படிப்பட்ட படமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 1954-ல் இந்தியிலும் இந்தக் கதை வந்து ஓடியிருக்கிறது. ஆக, சுந்தரம் புதுக் கதை ஒன்றையும் தேடிப் போகவில்லை. அவர் போட்ட பந்தயம் வேறு.

திருச்செங்கோட்டுக்காரரின் பந்தயம்

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம், 1907-ல் பிறந்தவர். நெசவுத் தொழில் குடும்பம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஆங்கிலேயப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார். மில் வைத்து உட்காருவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் சேலத்தில் சினிமாக் கம்பெனி ஆரம்பித்தார். (திருச்செங்கோடு என்றால் இன்று இந்தியா முழுக்க ரிக் வண்டி ஞாபகம் வரும். எந்த மாநிலத்தில் போர்வெல் போட்டாலும் வண்டி அங்கிருந்து வந்திருக்கும். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற புத்தி அந்த ஊர்த் தண்ணீரிலேயே இருக்கிறது போலும்.)

முதல் படம் 'சதி அகல்யா', 1937. அடுத்த வருஷமே மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' இங்கிருந்துதான் போனது. கேரளத்தின் முதல் பேசும் படத்துக்குச் சேலத்து முகவரி! 1940-ல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்'. 1950-ல் கலைஞர் வசனத்தில் 'மந்திரி குமாரி'. அதே வருஷம் எம்.என்.நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் மாற்றிக்கொண்டே போகும் 'திகம்பர சாமியார்'. 1961-ல் மலையாளத்தின் முதல் கலர் படமான 'கண்டம் பெச்ச கோட்டு'. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் ஒரே வளாகத்திலிருந்து வந்தன.

ஜவுளி படித்தவர் என்பது அவர் நடத்திய விதத்தில் தெரிந்திருக்கிறது. ஸ்டுடியோவை ஒரு மில் மாதிரி நடத்தினார். நேரம் என்றால் நேரம். மாதச் சம்பளத்துக்கு நடிகர்கள், எழுத்தாளர்கள், டெக்னீஷியன்கள். அவர் நடந்து வந்தால் தளமே அமைதியாகிவிடும் என்று பழையவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அலிபாபா படப்பிடிப்புக்குக் குறித்த நாளில் எம்.ஜி.ஆரால் வர முடியாமல் போக, மிச்சக் காட்சிகளை டூப்பை வைத்தே முடித்துவிட்டார் என்று ஒரு கதை திரையுலகில் ரொம்ப காலமாக உலவுகிறது. நடந்ததோ, கொஞ்சம் கண்ணு மூக்கு வைத்ததோ, சுந்தரத்தைப் பற்றி இப்படி ஒரு கதை சொன்னால் யாரும் நம்பாமல் இருந்ததில்லை என்பதுதான் விஷயம்.

அப்படிக் கணக்குப் பார்க்கிற மனிதர், தமிழில் யாரும் முழுப் படத்துக்குத் துணியாத கலரில் இறங்கினார். பெல்ஜியத்து நிறுவனத்தின் கேவா கலர் பிலிம், ஒளிப்பதிவு டபிள்யூ.ஆர்.சுப்பாராவ். முதல் கலர் படத்துக்குப் புராணமோ சமூகக் கதையோ எடுக்காமல் ஏன் புதையல் கதை? என் ஊகம் இது: கறுப்பு வெள்ளையில் தங்கம் சாம்பல் நிறம். மாணிக்கமும் சாம்பல், மரகதமும் சாம்பல். குகைக் கதவு திறந்ததும் உள்ளே மஞ்சளும் சிவப்புமாக மின்ன வேண்டும் என்றால் கலர் வேண்டும். கலருக்கு ஏற்ற கதை வேண்டும் என்றால் அது புதையலாக இருந்தால் நல்லது. அதுவரை சாம்பல் நிற நகைகளையே பார்த்துப் பழகிய ஜனங்கள், கொட்டகையில் அந்தக் கதவு திறந்ததும் என்ன சத்தம் போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நாமக்கல்லின் பங்கு

சேலம் குகையைத் திறந்தது என்றால், அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே நாமக்கல் மலைமேல் ஒரு ரகசிய இடத்தைக் காட்டிவிட்டது. 1954-ல் படமாக வந்த 'மலைக்கள்ளன்' நாவலை எழுதியவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ.ராமலிங்கம் பிள்ளை. உப்பு சத்தியாக்கிரகத்துக்குப் பாட்டெழுதிய கவிஞர், மலைக்குள் பதுங்கியிருந்து பணக்காரர்களைக் கலங்கடிக்கும் கள்ளனைப் பற்றி விறுவிறுப்பாக ஒரு கதையும் எழுதியிருக்கிறார் என்பது பாடப் புத்தகத்தில் மட்டும் அவரைப் படித்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கோவை பட்சிராஜா ஸ்டுடியோ அதைப் படமாக்கியது. இயக்கம் ஸ்ரீராமுலு நாயுடு, வசனம் கலைஞர். அதிலும் எம்.ஜி.ஆர்., பானுமதி ஜோடிதான். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம். தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று எல்லாத் திசைக்கும் அந்தக் கதை போனது.

ஆக, எம்.ஜி.ஆரைச் சாகச நாயகனாக நிலைநிறுத்திய இரண்டு படங்களும் சென்னையிலிருந்து வரவில்லை. ஒன்று கோவையில் எடுத்த நாமக்கல் கதை, இன்னொன்று சேலத்தில் எடுத்த பாக்தாத் கதை.

சுந்தரம் 1963-ல் மறைந்தார். அடுத்த தலைமுறை ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று துப்பறியும் படங்களில் இறங்கியது. ஜெய்சங்கர் பிறகு கர்ணன் இயக்கத்தில் குதிரையும் தொப்பியுமாக 'காலம் வெல்லும்', 'கங்கா', 'ஜக்கம்மா' என்று கௌபாயாக அலைந்தார். அந்த வகைப் படங்களின் மேல் வைத்த பாசத்தைக் கேலியாக மாற்றி சிம்புதேவன் 2010-ல் எடுத்ததுதான் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்'. புதையல் உண்டு, வரைபடம் உண்டு, லாரன்ஸ் உண்டு. ஊர்களின் பெயரே ஜெய்சங்கர்புரம், உசாபுரம். நாசர் நடித்த வில்லனின் பெயர் கிழக்குக்கட்டை. இந்தப் பெயரை மெதுவாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பாருங்கள், ஹாலிவுட் கௌபாய் ஒருவர் வந்து நிற்பார். சிரிக்கவைக்கும் படம்தான். ஆனால் ஒவ்வொரு காட்சியும் இன்னொரு படத்தைக் கிண்டல் செய்ய ஓடிக்கொண்டே இருப்பதால், புதையல் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன என்று ஆகிவிடுகிறது. அலிபாபாவில் அப்படி ஆகவே ஆகாது.

அந்த வகையில் சமீபத்தில் தேறியது 2017-ல் வந்த 'மரகத நாணயம்'. ஏ.ஆர்.கே.சரவனின் முதல் படம். ஆதி, நிக்கி கல்ராணி, ஆனந்தராஜ், முனிஷ்காந்த். இரும்பொறை என்ற பழைய மன்னனின் மரகதத்தைத் தொட்டவர்களையெல்லாம் டிரைவரே இல்லாத ஒரு பழைய மினி லாரி துரத்திக் கொல்கிறது. இதை நாமக்கல்லில் உட்கார்ந்து பார்க்கிற சுகமே தனி. இரும்பொறைகள் கரூரைச் சார்ந்து கொங்கு நாட்டை ஆண்ட சேரர்கள். பரமத்தி வேலூரில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வரும் புகழூர் ஆறுநாட்டார் மலையில் அவர்கள் பெயர் பொறித்த பிராமிக் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. நாமக்கல்லோ லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். கொங்கு மன்னனின் ஆவி யானையையோ குதிரையையோ விட்டுவிட்டு லாரியைத் தேர்ந்தெடுத்தது ரொம்ப சரி என்றுதான் எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வார்கள்.

அந்தப் படமும் அலிபாபா வழியில்தான் போகிறது. கல்லை எடுப்பது பெரிய விஷயம் இல்லை, எடுத்தவனுக்கு என்ன ஆகும் என்பதே கதை. பயமும் சிரிப்பும் அந்த லாரியோடு சேர்ந்தே வருகின்றன. பிள்ளைகளுக்கு முதலில் இதைப் போட்டுவிட்டு, அடுத்த நாள் அலிபாபாவைப் போட்டால் பழைய படம் என்று எழுந்து போக மாட்டார்கள். என் சிபாரிசு அந்த வரிசைதான்.

நிஜத்தில் கிடைத்தால்?

படம் முடிந்ததும் பிள்ளைகள் இதைக் கேட்பார்கள், தயாராக இருங்கள். இந்தியாவில் இதற்கென்று 1878-ல் போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் ஒன்று கிடைத்து, அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய், அச்சுப்பிழை இல்லை. சட்டம் போட்ட அன்று அது பெரிய பணம். கலெக்டர் விசாரித்து, உரிமையாளர் யாரும் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் அமுக்கினால் பங்கும் போய், ஒரு வருஷம் வரை ஜெயிலும் கிடைக்கலாம்.

இதன்படி பார்த்தால் அலிபாபாவுக்குக் கலெக்டர் ஆபீஸே தேவையில்லை. அவன் எடுத்தது புதையலே இல்லை, திருட்டுச் சொத்து. நேராகப் போலீஸ் ஸ்டேஷன்தான்.

சிரிப்பை விட்டுவிட்டுச் சொல்கிறேன், எங்கள் பக்கம் புதையல் ஆசை சினிமாவோடு முடிவதில்லை. கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி ஏமாற்றுகிற கும்பல் தமிழ்நாடு முழுக்க எத்தனை முறை பிடிபட்டாலும் அடுத்த கும்பல் தயாராக இருக்கிறது. வீட்டுக்குள் புதையல், பூஜை செய்தால் மேலே வரும் என்பார்கள். நடுகல்லுக்குக் கீழே தங்கம் என்று சொல்லி, ஆயிரம் வருஷத்துக் கல்லை ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்த்துப் போடுவார்கள். தங்கம் வந்ததில்லை, கல் உடைந்ததுதான் மிச்சம். எச்.வினோத் 2014-ல் எடுத்த 'சதுரங்க வேட்டை' மண்ணுளிப் பாம்பில் ஆரம்பித்து இரிடியம் கலசம் வரை இந்த வியாபாரத்தைப் பிரித்து மேய்ந்திருக்கும். அதுவும் ஒரு வகையில் புதையல் படம்தான். புதையல் மட்டும் இருக்காது. ஏமாறுகிறவர்களின் முகத்தைப் பாருங்கள், குகைக்குள் நிற்கும் காசிமின் அதே முகம். பெரிய பிள்ளைகளுக்கு இதையும் காட்டலாம்.

வளைவும் வெள்ளியும்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில், கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கிறது, மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயருடன். நூற்றுக்கும் மேற்பட்ட படம் எடுத்த இடத்தில் கண்ணுக்குத் தெரிந்து மிச்சம் இருப்பது அதுதான். தளங்கள் நின்ற இடத்தில் இப்போது வீடுகள். 2023-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார். வளைவு நிற்கிற இடம் பற்றி அரசியல் சர்ச்சை ஒன்றும் கிளம்பி ஓய்ந்தது. வார இறுதியில் ஏற்காடு போகிறவர்கள் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

வளைவைப் பற்றி எல்லோரும் பேசினோம். உள்ளே எடுத்த படங்கள் எங்கே என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. 'பாலன்' படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. ஒரு மொழியின் முதல் பேசும் படம், சேலத்துச் சரக்கு, போயே போய்விட்டது. 1930-களில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதே கதிதான். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டதே 1964-ல். அதற்குள் பல சுருள்கள் புழுங்கி, ஒட்டி, பொடியாகியிருந்தன. அந்தக் கால நைட்ரேட் பிலிம் தீப்பிடித்தால் அணைக்கவும் முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என்னால் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. கறுப்பு வெள்ளைப் பிலிமில் படம் பதிவது வெள்ளித் துகள்களால். எம்.கே.டி.யின் முகமோ, டி.ஆர்.ராஜகுமாரியின் கண்ணோ, அந்தச் சுருளில் வெள்ளியாகத்தான் இருந்தது. படம் ஓடி முடித்து, பெட்டி பழசாகி, இனி யாருக்கும் வேண்டாம் என்றான பிறகு, சுருள்களை வாங்கிக் கழுவி உருக்கி வெள்ளி எடுப்பது இந்தியாவில் பல இடங்களில் நடந்த தொழில். கிலோக் கணக்கில் பிலிம், கிராம் கணக்கில் வெள்ளி. கொலுசுக்குப் பேர்போன ஊரில் எடுத்த படங்களில் எத்தனை அப்படிப் போயிருக்கும் என்று யார் கணக்கு வைத்திருக்கப் போகிறார்கள்?

கலர் பிலிமில் இந்த ஆபத்து குறைவு. பிலிமைக் கழுவும்போதே வெள்ளி போய்விடும், மிஞ்சுவது சாயம் மட்டும். அதனால் உருக்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் சாயம் வெளுத்துவிடும். இணையத்தில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' பார்க்கும்போது நிறங்கள் பெட்டியில் பல வருஷம் மடித்து வைத்த பட்டுச்சேலை மாதிரி இருந்தால், ரிமோட்டைத் தட்டாதீர்கள், உங்கள் டிவியில் கோளாறு இல்லை. சுந்தரம் காட்ட நினைத்த மஞ்சள் இதைவிடப் பளிச்சென்று இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

'பாலன்' எப்படி இருந்தது என்பதற்கு இன்று கையில் இருப்பவை சில புகைப்படங்களும் பாட்டுப் புத்தகமும்தான். கொட்டகை வாசலில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டு எல்லாம் அதில் இருக்கும். சேலம், ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு பக்கத்துப் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டிக்கு அடியிலோ, பரண் மேல் பஞ்சாங்கக் கட்டோடோ இப்படி ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டுடியோவில் வேலை பார்த்த தாத்தா இருந்த வீடு என்றால் குரூப் போட்டோவும் இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அட்டையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை வெயில் படாத, கரையான் ஏறாத இடத்தில் வையுங்கள். லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள், பழைய தாள் சூட்டில் கெட்டுவிடும்.